எழுத்தாளரின் அலமாரி காப்பகத்துக்குப் போகும்போது

கரையானும் மழையும் பத்து ஆண்டுகளில் செய்யும் சேதத்தை, எழுத்தாளர் காலமான முதல் மாதத்தில் அன்போடு செய்யப்படும் துப்புரவு செய்துவிடுகிறது. பிள்ளைகள் கூடி உட்கார்ந்து கடிதங்களை ஒரு பக்கம், கதைகளை ஒரு பக்கம், படங்களை ஒரு பக்கம் என்று பிரிக்கிறார்கள். ரசீதுகளும் பழைய நாட்காட்டிகளும் எடைக்குப் போகின்றன. தபால்தலை சேர்க்கும் பேரனுக்காக உறைகளின் மூலைகள் வெட்டப்படுகின்றன. அஞ்சலட்டையில் 'திங்கட்கிழமை' என்று மட்டும் போட்டுவிட்டு எழுதத் தொடங்குவது பலருடைய வழக்கம். அந்தத் திங்கட்கிழமை எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதற்குத் தபால் முத்திரை ஒன்றே சாட்சி. மூலையை வெட்டியதோடு அதுவும் போகிறது.

ஒரு சேகரத்தின் மதிப்பு தனித்தனித் தாள்களில் இருப்பதைவிட அவற்றுக்கு இடையிலுள்ள தொடர்பில் அதிகம் இருக்கிறது. நாவலின் மூன்றாவது வரைவு எழுதிய நோட்டுக்குள் ஒரு பத்திரிகை ஆசிரியரின் கடிதம் செருகியிருந்தால், அந்தக் கடிதம் வந்த பிறகுதான் முடிவு மாற்றப்பட்டது என்று ஆய்வாளர் ஊகிக்க வழியுண்டு. கடிதத்தை உருவிக் 'கடிதங்கள்' கட்டில் சேர்த்துவிட்டால் நோட்டும் பத்திரமாக இருக்கும், கடிதமும் பத்திரமாக இருக்கும், செய்தி மட்டும் அழிந்திருக்கும். காப்பகத்தார் திரும்பத் திரும்ப 'வந்த ஒழுங்கைக் கலைக்காதீர்கள்' என்று சொல்வது இதனால்தான். இனி வரும் ஒவ்வொரு வேலையும் அந்தத் தொடர்பைக் காக்கிறதா அறுக்கிறதா என்று பார்த்தே செய்யப்பட வேண்டும்.

நிறைய எழுதியவர் விட்டுப்போவது எவ்வளவு இருக்கும்? அமெரிக்க அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ் 500-க்கும் மேற்பட்ட நூல்களை எழுதியும் தொகுத்தும் வெளியிட்டவர். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் முகர் நினைவு நூலகத்தில் காப்பாளராக இருந்த ஹவர்ட் காட்லீப் கேட்டுக்கொண்டதன்பேரில் தம் காகிதங்களை அந்நூலகத்துக்கு அளித்தார். 1965 முதல் அங்கே இருக்கும் அந்தச் சேகரம் 464 பெட்டிகள், அலமாரித் தட்டில் 71 மீட்டர் நீளம். ஒரு மீட்டர் நீளத்துக்கு நிறுத்திய காகிதம் ஏறத்தாழ 50 கிலோ இருக்கும் என்று கணக்கு வைத்தால் மூன்றரை டன். அவர் எழுதிய கடிதங்களும் அஞ்சலட்டைகளும் 90,000 இருக்கும் என்று ஒரு மதிப்பீடு உண்டு. எழுதி அனுப்பியவை எல்லாம் பெற்றவர்கள் வீட்டில் அல்லவா இருக்கும்! எந்த எழுத்தாளரின் சேகரமும் அவர் வீட்டோடு முடிவதில்லை.

தமிழில் நிலை வேறு. ஈய எழுத்துகளைக் கோத்த காலத்தில் கையெழுத்துப் பிரதி அச்சகத்துக்குப் போனால் கோப்பவர்களுக்குத் தாள் தாளாகப் பிரித்துக் கொடுக்கப்படும். வேலை முடிந்ததும் மையும் கைரேகையுமாகக் குப்பைக்குப் போகும். பெரும்பாலான எழுத்தாளர்கள் வீட்டில் அச்சான படைப்பின் மூலப்பிரதி கிடைக்காததற்கு இது ஒரு முக்கியக் காரணம். பதிலாகக் கிடைப்பவை நாட்குறிப்புகள், வந்த கடிதங்கள், மெய்ப்புகள் (பிழை திருத்த அச்சகம் அனுப்பும் தாள்கள்), தொடர்கதைகளைக் கத்தரித்துத் தைத்த பைண்டு வால்யூம்கள். அந்தக் கத்தரிப்புகளைப் 'பேப்பர் கட்டிங்தானே' என்று ஒதுக்குவது தவறு. புத்தகமாக்கும்போது அந்த அச்சுப் பக்கத்தின் மேலேயே பேனாவால் திருத்தி அனுப்புவது பரவலான பழக்கம். திருத்தம் உள்ள கத்தரிப்பு ஒரு கையெழுத்துப் பிரதிக்குச் சமம்.

வந்த கடிதங்களைப் பேணுவதன் பலனுக்கு உ.வே.சாமிநாதையர் சான்று. அவர் 1942-இல் மறைந்தார். அடுத்த ஆண்டு ருக்மிணி தேவி அருண்டேல் முயற்சியில் அவர் பெயரில் நூல் நிலையம் தொடங்கியது. சுவடிகளோடு அவருக்கு வந்த கடிதங்களும் தப்பியதால்தான், எந்தச் சுவடி யாரிடமிருந்து எந்த வழியாக வந்தது என்ற பதிப்பு வரலாற்றைக் கடிதம் கடிதமாகப் பின்தொடர முடிகிறது.

முதலில் ஒப்பந்தம்

பெட்டியைத் தூக்குவதற்கு முன் ஒரு கொடை ஒப்பந்தம் எழுதப்பட வேண்டும். இதில் குழப்பமே அதிகம். காகிதத்தின் உடைமை வேறு, எழுத்தின் பதிப்புரிமை வேறு. எழுத்தாளருக்கு வந்த கடிதம் காகிதமாக அவருடைய வாரிசுகளுக்குச் சொந்தம். அதிலுள்ள வாசகத்தின் உரிமையோ எழுதியவருக்கும் அவருடைய வாரிசுகளுக்கும் உரியது. ஆகவே குடும்பம் கடிதத்தைக் காப்பகத்துக்குக் கொடுக்கலாம், ஆனால் இணையத்தில் ஏற்றும் உரிமையைக் கொடுக்க முடியாது. இந்தியாவில் பதிப்புரிமை எழுத்தாளர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள். 1970-இல் இறந்தவருக்கு 2030 டிசம்பர் 31 வரை. அவர் மறைந்த பிறகு முதன்முதலாக அச்சாகும் எழுத்துக்கு, அச்சான ஆண்டை வைத்து 60 ஆண்டுகள் கணக்கிடப்படும்.

'அப்பா நாட்டுடைமை ஆகிவிட்டார், அதனால் காகிதமெல்லாம் அரசிடம் இருக்கும்' என்று பலரும் நினைக்கிறார்கள். நாட்டுடைமையாக்கம் படைப்புகளின் உரிமையைப் பற்றியது, அதற்காக வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை தரப்படுகிறது. வீட்டுப் பரணில் கிடக்கும் நாட்குறிப்பை அது தானாகவே எங்கும் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை.

ஒப்பந்தத்தில் நான்கு விஷயங்கள் தெளிவாக இருக்க வேண்டும். காகிதம் முழுக் கொடையா, உடைமை குடும்பத்திடமே இருக்கும் வைப்பா? காப்பகம் தேவையில்லை என்று கருதுவதைத் திருப்பித் தருமா, வேறிடத்துக்கு அனுப்புமா? எந்தப் பகுதி எவ்வளவு காலம் மூடியிருக்கும்? பிரதி எடுக்க அனுமதி தருபவர் யார்? மூடிவைக்கும் நிபந்தனைக்குக் கட்டாயம் ஒரு தேதி இருக்க வேண்டும். 'குடும்பம் சம்மதிக்கும் வரை' என்று எழுதினால், இரண்டு தலைமுறை கழித்துச் சம்மதம் சொல்ல யாரும் கிடைக்கமாட்டார்கள். உயிரோடு இருப்பவர்களின் மருத்துவ, குடும்ப விவரம் உள்ள கடிதங்களுக்கு 30 ஆண்டு போன்ற எண்ணிக்கை போடுவது எல்லாருக்கும் நல்லது.

வீட்டில் செய்ய வேண்டியது

அறையின் வரைபடம் ஒன்றைக் கையால் போட்டு, அலமாரிகளுக்கு அ, ஆ, இ என்று பெயரும் தட்டுகளுக்கு மேலிருந்து கீழாக எண்ணும் கொடுக்க வேண்டும். எதையும் தொடுவதற்கு முன் ஒவ்வொரு தட்டையும் நேர் எதிரே நின்று படம் எடுக்க வேண்டும். மேசை இழுப்பறைகளைத் திறந்தபடியே மேலிருந்து எடுக்கலாம். ஒரு பெட்டியில் ஒரே தட்டில் இருந்தவை மட்டும். 'ஆ-3-1' என்றால் ஆ அலமாரி, மூன்றாம் தட்டு, முதல் பெட்டி. எண்ணைப் பெட்டியின் இரண்டு பக்கமும் எழுதி, உள்ளேயும் ஒரு சீட்டு போட வேண்டும். ஒரு பெட்டிக்கு மூன்று நான்கு வரி போதும்: என்ன இருக்கிறது, ஏறத்தாழ எந்த ஆண்டுகள், எத்தனை சென்டிமீட்டர்.

மளிகைக் கடை அட்டைப்பெட்டி வேண்டாம். அதன் மடிப்புகளில் கரப்பான் முட்டை இருக்கும். புதிய பெட்டி, 15 கிலோவுக்கு மேல் ஏற்றாமல். பெரிய பெட்டியில் திணித்தால் தூக்கும்போது அடி பிளக்கும்.

இதே நாட்களில் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பதிவுசெய்ய வேண்டியது ஒன்றுண்டு. கடிதங்களில் வரும் செல்லப்பெயர்கள் யாரைக் குறிக்கின்றன, நகல் எடுத்துக் கொடுத்தவர் யாருடைய கையெழுத்து, எந்தெந்தப் புனைபெயரில் எங்கே எழுதினார் ஆகியவை எந்தக் காகிதத்திலும் இருக்காது. புகைப்படங்களைக் காட்டிக் கேட்டால் அதிகம் நினைவுக்கு வரும். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

பூச்சி, பூஞ்சை

வந்த பெட்டிகள் நேரே காப்பறைக்குள் போகக் கூடாது. தனி அறையில் வெள்ளைத் துணி அல்லது வெள்ளைத்தாள் விரித்து, அதன்மேல் வைத்து இரண்டு வாரமாவது பார்க்க வேண்டும். மாவுபோல் தூள் உதிர்ந்திருந்தால் உள்ளே உயிருள்ள புழு துளைத்துக்கொண்டிருக்கிறது. அந்துருண்டை போடுவது பயனற்றது, அங்கே வேலை செய்பவர்களுக்குக் கெடுதல். வேப்பிலையும் வசம்பும் நம் மரபில் சுவடிகளுக்கு வைத்தவைதாம். ஆனால் பச்சை இலையைக் காகிதத்துக்கு இடையில் வைத்தால் ஈரமும் கறையும் சேரும், உலர்ந்த இலையே பூச்சிக்கு உணவாகும்.

நம்பகமான முறை உறையவைப்பது. கட்டுகளைப் பாலித்தீன் பையில் போட்டுக் காற்றை அழுத்தி வெளியேற்றி, ஒட்டி மூடி, கழித்தல் 20 டிகிரி செல்சியசில் இரண்டு வாரம் வைக்க வேண்டும். வெளியே எடுத்தபின் 24 மணி நேரம் பையைத் திறக்கக் கூடாது. அவசரப்பட்டுத் திறந்தால் குளிர்ந்த காகிதத்தின்மேல் நேரடியாக நீர் படியும். கண்ணாடி நெகட்டிவ், ஒலிநாடா ஆகியவற்றை உறையவைக்கக் கூடாது. உறைநிலை பூச்சியைக் கொல்லும், பூஞ்சையைக் கொல்லாது, உறங்கத்தான் வைக்கும். பூஞ்சைக்கு மருந்து ஈரத்தைக் குறைப்பதுதான். தொட்டால் ஈஷினால் உயிரோடு இருக்கிறது என்று பொருள், முதலில் நிழலில் மின்விசிறிக் காற்றில் உலரவிட வேண்டும். தூளாக உதிரும் நிலைக்கு வந்தபின் மென்தூரிகையால், நுண்வடிகட்டி உள்ள வாக்குவம் கிளீனரின் வாய்க்குள் தள்ளி எடுக்க வேண்டும். முகக்கவசம் கட்டாயம். வெயிலில் காயவைப்பது நம் வீடுகளில் முதலில் தோன்றும் யோசனை. வெயில் மையை வெளுக்கச் செய்து காகிதத்தை நொறுங்கவைக்கும்.

வெள்ளத்தில் நனைந்த காகிதத்தில் 48 மணி நேரத்தில் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். உலர்த்த ஆளும் இடமும் இல்லையென்றால் நனைந்தபடியே பைகளில் போட்டு உறையவைத்துவிட்டால் அவகாசம் கிடைக்கும்.

காகிதத்தைத் தின்பவை காகிதத்தோடே இருக்கின்றன

குண்டூசி, ஜெம் கிளிப், ஸ்டேப்ளர் பின் மூன்றும் கடலோர ஊர்களில் சில ஆண்டுகளிலேயே துருப்பிடிக்கும். துரு காகிதத்தை அரித்து ஓட்டை போடும். பிடித்து இழுத்தால் மூலை கிழியும். பின்னுக்கு அடியில் மெல்லிய பாலியெஸ்டர் பட்டை ஒன்றைச் செருகி, அதன்மேல் வைத்து நெம்பி எடுக்க வேண்டும். எந்தத் தாள்கள் சேர்ந்திருந்தன என்பது முக்கியம் என்பதால் உடனே ஒரு மடிப்புத்தாளுக்குள் அவற்றை ஒன்றாக வைக்க வேண்டும். ரப்பர் பேண்டில் கந்தகம் உண்டு. இளகி ஒட்டியிருக்கும், அல்லது காய்ந்து நொறுங்கும். வெட்டி எடுத்துவிட்டுப் பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டலாம். செலோடேப்பின் பசை நாளாக நாளாகக் காகிதத்துக்குள் இறங்கி மஞ்சள் பழுப்பாகிவிடும். அதை உரிக்க முயலாமல் பேணுகை வல்லுநருக்கு விட வேண்டும்.

லேமினேஷன் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரியவரின் கடிதம் என்று மதித்துக் குடும்பங்கள் செய்வது அது. சூட்டில் உருகிய பிளாஸ்டிக் இழைகளுக்குள் இறங்கிவிடும். அதற்குப் பிறகு பிரிக்க வழியில்லை, காகிதத்தின் அமிலமும் உள்ளேயே அடைபடும். பார்வைக்கு வைக்கும் ஒற்றைத் தாளுக்குப் பாதுகாப்பு வேண்டுமானால் இரண்டு பாலியெஸ்டர் தாள்களுக்கு நடுவே வைத்து விளிம்புகளை மட்டும் ஒட்டலாம். வெட்டினால் தாள் பழையபடி வெளியே வரும்.

செய்தித்தாள், மரத்திலுள்ள லிக்னின் என்ற பழுக்கும் பொருள் நீக்கப்படாத கூழில் செய்வது. தானும் பழுத்து, பக்கத்தில் உள்ள நல்ல தாளிலும் தன் அச்சைப் பழுப்பாகப் பதிக்கும். திருத்தம் இல்லாத கத்தரிப்பை அமிலமற்ற தாளில் நகலெடுத்துக்கொள்ளலாம். திருத்தம் உள்ளதை இருபுறமும் அமிலமற்ற தாள் வைத்துத் தனி உறையில் காக்க வேண்டும். ஃபேக்ஸ் தாளும் ரசீது அச்சிடும் தாளும் வெப்பத்தால் கறுப்பவை, சில ஆண்டுகளில் வெறுந்தாள் ஆகிவிடும். முழுச் சேகரத்திலும் முதலில் ஸ்கேன் செய்ய வேண்டியவை அவைதாம். பேனா மையில் நீலம் தண்ணீர் பட்டால் கரையும், பால்பாயிண்ட் வெளிச்சத்தில் வெளுக்கும்.

பழைய பைண்டு வால்யூம்கள் மைதாப் பசையால் ஒட்டப்பட்டவை. அந்தப் பசை இராமபாணப் பூச்சிக்கு விருந்து என்பதால் பைண்டர்கள் அதில் மயில்துத்தம் என்ற நச்சு உப்பைக் கலப்பார்கள். பூச்சி அதிகம் அரித்த இடம் முதுகுப்புறம்தானா என்று பார்த்தால் மீதி எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்பது தெரியும். அழகாக இல்லை என்பதற்காக மறுபடி பைண்டு செய்யக் கூடாது. வெட்டுக் கத்தி விளிம்புக் குறிப்புகளைக் கொண்டுபோய்விடும்.

பெட்டியும் அறையும்

ஃபோல்டரும் பெட்டியும் அமிலமற்றவையாக, காரச் சேமிப்பு (பின்னால் உருவாகும் அமிலத்தை முறிக்கும் காரப்பொருள்) உள்ளவையாக இருக்க வேண்டும். நிலைத்த காகிதத்துக்கான ஐஎஸ்ஓ 9706 தரம் பிஎச் 7.5 முதல் 10 வரையும், கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடான 2 விழுக்காடு காரச் சேமிப்பும் கேட்கிறது. கடைக்காரர் சொல்வதை நம்பாமல் பிஎச் பேனாவால் ஒரு கோடு போட்டுப் பார்க்கலாம். ஊதா ஆனால் சரி, மஞ்சளாக நின்றால் அமிலம். ஒரு ஃபோல்டரில் ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேல் வேண்டாம், நொறுங்கும் தாளானால் பத்துப் பதினைந்து தாள் போதும். பெட்டியில் ஒரு விரல் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். அதிகம் காலியாக விட்டால் தாள்கள் சரிந்து வளையும். எண்ணிடுவதெல்லாம் 2பி பென்சிலால், தாளின் ஓரத்தில், மெதுவாக.

பூஞ்சை 65 விழுக்காட்டு ஈரப்பதத்துக்கு மேல் செழிக்கும், சென்னைக் காற்று ஆண்டின் பெரும்பகுதி அதற்கு மேல்தான். 50 முதல் 55 விழுக்காடு, 20 முதல் 24 டிகிரி என்பது நல்ல இலக்கு. எண்ணைவிட நிலைத்தன்மை முக்கியம். காலை பத்து மணிக்கு ஏசி போட்டு மாலை ஐந்து மணிக்கு அணைக்கும் அறைதான் நாம் பார்ப்பதிலேயே மோசமான ஏற்பாடு. அணைத்ததும் ஈரக்காற்று உள்ளே புகுந்து குளிர்ந்த காகிதத்தின்மேல் படிகிறது, தினமும். இரவிலும் ஓட்டப் பணம் இல்லையென்றால் ஏசியே இல்லாமல், எதிரெதிர் சன்னலும் மெல்லிய காற்றோட்டமும் உள்ள, மேல்தளத்துக்கு ஒரு தளம் கீழான அறையே நல்லது. அலமாரி எஃகில், தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரத்தில், சுவரிலிருந்து விலகி நிற்க வேண்டும். தண்ணீர்க் குழாய் ஓடும் சுவர் கூடவே கூடாது.

பட்டியலிடுவதில் அடிக்கடி நடப்பது இது: முதல் பெட்டியிலிருந்து கடிதம் கடிதமாக விரிவாக விவரிக்கத் தொடங்குகிறார்கள், நிதியோ ஆளோ தீரும்போது பத்தில் ஒரு பங்குகூட முடிந்திருக்காது, முழுச் சேகரமும் மூடியே கிடக்கும். முதலில் ஃபோல்டர் அளவில் எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டுத் திறந்துவிட வேண்டும். கடிதங்களுக்கும் கையெழுத்துப் பிரதிகளுக்கும் விரிவான விவரம் அடுத்த சுற்றில். புனைபெயர்களுக்குத் தனி அட்டவணை தேவை. புதுமைப்பித்தனைத் தேடுபவர் சொ. விருத்தாசலத்தையும், கல்கியைத் தேடுபவர் ரா. கிருஷ்ணமூர்த்தியையும் அடைய வேண்டும். எழுத்தாளர் தாமே வைத்திருந்த ஒழுங்கு கிடைத்தால் அதுவே பட்டியலின் ஒழுங்கு. ஏற்கெனவே கலைந்துவிட்டதென்றால் நாட்குறிப்பு, கடிதம், படைப்பு, பதிப்பாளர் கணக்கு, அச்சான கத்தரிப்பு என்று வரிசைப்படுத்தலாம், ஆனால் 'இது காப்பகம் செய்த ஒழுங்கு' என்று எழுதிவைக்க வேண்டும். தாளின் பின்பக்கத்தை மறக்கக் கூடாது. கல்யாணப் பத்திரிகையின், மெய்ப்புத் தாளின் பின்பக்கத்தில் எழுதப்பட்ட கதைக்கு முன்பக்கம்தான் தேதி.

பேனா, மூக்குக்கண்ணாடி, பதக்கம்

பொருள்களைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துவிட்டால் வேலை முடிந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். பேனாவில் மை இருந்தால் அது உலோகத்தை அரிக்கும், கழுவி உலர்த்த வேண்டும். உள்ளிருந்த மை எந்த நிறம் என்பதையும் குறிக்க வேண்டும், கையெழுத்துப் பிரதியோடு ஒப்பிட உதவும். கடிகாரம், காதுக் கருவி, டேப் ரிகார்டர் எல்லாவற்றிலிருந்தும் பேட்டரியை எடுத்துவிட வேண்டும், கசியும். தட்டச்சுப் பொறியின் ரிப்பனை மாற்றவே கூடாது. ஒருமுறை மட்டும் ஓடும் கார்பன் ரிப்பனில் கடைசியாக அடித்த வரிகள் படிக்கும் நிலையில் இருக்கக்கூடும்.

விலையுள்ள பொருளைக் காகிதங்களைப் பார்க்க வருபவர் கடந்துபோகும் அறையில் வைப்பதில்லை. தாகூரின் நோபல் பதக்கம் 2004 மார்ச்சில் சாந்திநிகேதன் அருங்காட்சியகத்திலிருந்து திருடுபோனது, இன்னும் மீளவில்லை. நோபல் அறக்கட்டளை பிறகு மாற்றுப் பிரதிகள் வழங்கியது. ஒவ்வொரு பொருளுக்கும் அளவு, எடை, பல கோணப் படங்கள், கீறல் உட்பட அடையாளக் குறிகள் பதிவில் இருக்க வேண்டும். திருட்டுக்குப் பிறகு அவை எடுக்க முடியாதவை.

கணினிக் கோப்புகள்

அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகம் 2006-இல் பெற்ற நாவலாசிரியர் சல்மான் ருஷ்டி சேகரத்தில் நான்கு ஆப்பிள் கணினிகள் இருந்தன. அவற்றில் ஒன்றின் சூழலை அப்படியே புதிய கணினியில் போலச்செய்து, 2010-இல் ஆய்வாளர்களுக்குத் திறந்தார்கள். எழுத்தாளர் பார்த்த திரையையே வாசகரும் பார்க்க முடிந்தது.

கணினியை எடுத்துவந்ததும் இயக்கிப் பார்க்கக் கூடாது. இயக்கினாலே நூற்றுக்கணக்கான கோப்புகளின் தேதி மாறும். வன்தட்டைக் கழற்றி, எழுதுவதைத் தடுக்கும் கருவி வழியாக இணைத்து, முழு வட்டின் படிமத்தை (அச்சுஅசல் நகலை) எடுத்து, அதற்குச் சரிபார்ப்புத் தொகை (பின்னால் நகல் மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் எண்) போட்டு வைக்க வேண்டும். ஃபிளாப்பிகளுக்கும் அப்படியே, அவை முதலில், ஏனெனில் காந்தப் பூச்சு உதிர்ந்துகொண்டிருக்கிறது. காகிதங்களை ஸ்கேன் செய்தால் 400 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 400 புள்ளி), வண்ணத்தில், சுருக்கப்படாத டிஃப் கோப்பாக. ஏ4 பக்கம் ஒன்று ஏறத்தாழ 46 மெகாபைட். பத்தாயிரம் பக்கம் அரை டெராபைட்டை நெருங்கும். அப்படி மூன்று பிரதிகள், அவற்றில் ஒன்று வேறு ஊரில்.

தமிழ்க் கோப்புகளுக்கு இன்னொரு சிக்கல் உண்டு, நம் காப்பகங்கள் அதைப் போதிய அளவு கவனிக்கவில்லை. யூனிகோடு பரவும் முன் எழுதியவை பாமினி, திஸ்கி, டாம், டாப் என்று பலவிதக் குறியாக்கங்களில் (எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஏற்பாடுகளில்) கிடக்கின்றன. எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குழப்பமாகத் தெரியும், கெட்டுப்போன கோப்பு என்று யாராவது அழித்துவிடுவார்கள். கோப்போடு எழுத்துருவையும், எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு என்ற குறிப்பையும் வைக்க வேண்டும். பேஜ்மேக்கரில் வடிவமைத்த நூல்களுக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். யூனிகோடுக்கு மாற்றிய பிரதி தனிக் கோப்பு, மூலக் கோப்பில் கை வைப்பதில்லை. மாற்றி முடித்ததும் அச்சான நூலோடு சில பக்கங்களை வரி வரியாக ஒப்பிட வேண்டும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும், காலும் ளகரமும், கிரந்த எழுத்துகளும்தான் மாற்றியில் அதிகம் தவறுபவை. ஒரே கோப்புக்குள் இரண்டு எழுத்துருக்கள் கலந்திருந்தால் இடையில் வரும் ஆங்கிலச் சொற்கள் தமிழாகவே மாறி உளறும். அங்கே மூலக் கோப்பின் எழுத்துரு விவரத்தைப் பார்த்துக் கையால் திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை.